தண்ணி அள்ளட்டும்

தவயோகராணி கொண்டுவந்த தீர்ப்பில்
பதினோராம் பக்கம், கீழிருந்து நாலாவது வரி:
சாட்சி ஈக்விவோக்கலி பதிலளித்தார்.
அதுவரைக்கும் கடகடவென்று ஓடின விரல்
அந்த இடத்தில் நின்றுபோனது.

கச்சேரிக்கு எதிரே என் கடை.
ஒரு மேசை, முனகுகிற மின்விசிறி, சத்தியப்பிரமாண முத்திரை,
பக்கத்துக்கு அறுநூறு ரூபா.
கையகராதி மூன்று சொல் நீட்டியது:
தெளிவின்றி. இருபொருள்பட. மழுப்பலாக.

மழுப்பலாக என்று போட்டால்
ஏகாம்பரத்தாரைப் பொய்யர் ஆக்கிப்போடும்.
மனுசன் ஆவணியில் செத்துப்போனார்,
வந்து சண்டை பிடிக்கமாட்டார்.
அதனால்தான் யோசனை.

அவரிடம் கேட்டது:
கிணத்தை அவைக்குக் குடுத்தனீங்களோ, இல்லையோ?
அவர் சொன்னது:
‘தண்ணி அள்ளட்டும் எண்டனான்.’
எழுதிக் குடுத்தனீங்களோ?
‘தண்ணிக்கு ஆர் ஐயா எழுதுறது?’

அலுமாரிக்கு மேலிருந்த பெரிய அகராதியை இறக்கினேன்.
தூசி தும்மவைத்தது.
லத்தீன் வேராம்.
முன்பாதி, சமம்.
பின்பாதி, கூப்பிடுதல்.
ஒரு பேரில் இரண்டைக் கூப்பிடுவது;
ஒழுங்கையில் ‘ராசன்!’ என்று கத்த
இரண்டு சைக்கிள் பிறேக் பிடிப்பது மாதிரி.
கூப்பிட்டவன் வாயில் பொய் இல்லை.
திரும்பினவர்கள் காதிலும் பிழை இல்லை.

எங்களிடமும் கிடக்கிறது ஒரு சொல், துலா.
தராசும் அதுதான்.
கிணற்றடியில் ஏறி இறங்கின மரமும் அதுதான்.
நீதிமன்றக் கடிதத்தலைப்பில் ஒன்று பொறித்திருக்கிறது.
மற்றது, வழக்குக் காணியில்,
மோட்டர் வந்த நாளிலிருந்து
வேலியோடு சாய்ந்து கறையான் தின்கிறது.

‘என்ன தம்பி, அந்தச் சொல்லில என்ன இருக்கு?
அவர் தந்தவர் எண்டோ, தரேல்லை எண்டோ?’
முப்பது வருசம் அள்ளின கை
மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

தட்டினேன்:
‘சாட்சி ஒரே சொல்லில் இரண்டு பதில் அளித்தார்.’
நீதவானின் ஒரு சொல்லுக்கு என் நாலு சொல்.
கூடுதல் காசு கேட்கவில்லை.

வாசித்தா. உதட்டோரம் சிரிப்பு வந்த மாதிரி.
‘ஓம். அந்தாள் அப்பிடித்தான் கதைக்கிறது.’
தாளை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தா.
பிறகு கேட்டா:
‘இனி மேல்முறையீடு செய்யலாமோ?’

‘செய்யலாம்’ என்றேன்.

போகாமல்
என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றா.