மற்றவை யாவும்

சனி இரவு,
கிளைபெடா துறைமுகத்தில் கிரேன்களின் கம்பிகளைக் காற்று ஊதிக்கொண்டிருந்தபோது
அலுவலகத்தை இரண்டாக வெட்டினேன்.

வெட்டிய தடயம் பெரிதாக ஒன்றுமில்லை.
ஒரு கறுப்புப் பெட்டி, இரண்டு மஞ்சள் கேபிள்கள்,
நான்கு திருகாணி. அதில் ஒன்று கைதவறித்
தரைப்பலகைச் சந்தில் விழுந்துவிட்டது.
இந்தப் பக்கம் சர்வர்கள் பதினொன்று.
அந்தப் பக்கம் மேசைகள் அறுபத்துநான்கு.
நேற்றுவரை ஒரே பந்தி,
யாரும் யார் தட்டிலும் கைவைக்கலாம்.

நெருப்புச் சுவர் என்று பெயர்.
தொட்டால் வெதுவெதுப்புதான்.
பிப்ரவரிக்கு அதுவும் போதும்.
விரல்களை அதன் முதுகில் வைத்துக்கொண்டேன்.

தெருவைப் பார்த்து ஒரு சுவர் முன்பே உண்டு.
அதற்குப் பணம் கேட்டபோது முதலாளி வைதோதஸ்
கணக்குகூடப் பார்க்கவில்லை.
இதற்குத்தான் கண்ணாடியைக் கழற்றினார்:
“நம் ஆட்களுக்கு எதிராகவா?”

நான் நவம்பரை நினைவூட்டினேன்.
கணக்குப் பிரிவில் ஸ்கிர்மன்தே
தினம் நாற்பது சரக்குச் சீட்டு திறப்பவள்.
அன்று நாற்பத்தொன்று.
அது அவள் மேசையில் உட்காரவேயில்லை.
கேட்பாரின்றி உள்ளே நடந்து
சம்பளப் பட்டியல், சுங்கக் கோப்பு, எட்டு வருட ஒப்பந்தங்கள்
எல்லாவற்றிலும் தன் பூட்டைப் போட்டுவிட்டது.
பன்னிரண்டு நாள் காகிதத்தில் எழுதினோம்.
அதற்குப்பின் அவள் எங்களோடு சாப்பிட வருவதில்லை.
ஒருவரும் அவளை ஒன்றும் சொல்லவில்லை.
அதனால்தான்.

வைதோதஸ் கையெழுத்திட்டார்.
அவர் பேனா எழுதவில்லை, என்னுடையதை வாங்கினார்.

அகம் இது, புறம் இது என்று
கோடு கிழித்தவர்கள்
அகத்துக்குள்ளேயே ஒரு புறம் முளைக்கும் என்று
எண்ணியிருப்பார்களா, தெரியாது.

மேசையிலிருந்து அஞ்சலுக்கு: போகலாம்.
மேசையிலிருந்து கோப்புக்கு: ஒரு கதவு வழியே போகலாம்.
மேசையிலிருந்து தரவுத்தளத்துக்கு நேராக: கூடாது.
கடைசி வரி எங்கும் ஒன்றே:
மற்றவை யாவும் மறு.

மூன்றே சொல். எழுத விடிந்துவிட்டது.
மற்றவை யார் யார் என்று
எனக்கே தெரியாது.

திங்கள், எட்டு பத்து.
எடைமேடையிலிருந்து ஜிட்ரூனஸ்: எண் வரவில்லை.
மேடைமேல் லாரி, உறைந்த மீன் இருபத்திரண்டு டன்.
ஓட்டுநன் சொல்லும் கணக்கு அது, தராசு வாய் திறக்கவில்லை.
பின்னால் ஒன்பது லாரி, நெடுஞ்சாலைவரை.

பொத்தான் போடாத கோட்டோடு ஓடினேன்.
கொட்டகை மூலையில் ஒரு கணினி.
என் வரைபடத்தில் இல்லை, பட்டியலில் இல்லை.
தலையில் வட்டமாய்க் காப்பிக் கறை.
பதினான்கு வருடமாக ஒவ்வொரு எடையையும்
யாரும் எழுதிவைக்காத ஒரு துவாரத்தில்
சர்வரின் காதில் ஓதியிருக்கிறது.
நான் சுவர் வைத்ததும்
விநாடிக்கு ஒருமுறை தட்டியிருக்கிறது.
பதிவேட்டில் ஞாயிறு முழுக்க
மறுப்பு மறுப்பு மறுப்பு.
ஒரு வண்டியும் வராத ஞாயிறு.
வெறும் மேடையின் பூஜ்யத்தைக்
கொண்டுசேர்க்கத்தான் அத்தனை தட்டல்.

ஜிட்ரூனஸ் திட்டவில்லை.
கெட்டிலை நகர்த்தி என் மடிக்கணினிக்கு இடம் விட்டார்.
விரைத்த விரலால் ஒரு வரி சேர்த்தேன்:
இந்த ஒரு முகவரி, அந்த ஒரு முகவரி,
நடுவே ஓர் ஊசித் துளை.

சிவப்பு எண்கள் எரிந்தன.
இருபத்தோரு டன், நானூற்றைம்பது கிலோ.
ஓட்டுநன் வேறு பக்கம் பார்த்தான்.

ஒவ்வொரு விதிக்கும் பக்கத்தில் குறிப்பெழுத ஒரு கட்டம் உண்டு.
எல்லோரும் காலியாக விடுவோம்.
எழுதினேன்: எடைமேடை.
ஜிட்ரூனஸைக் கேட்காமல் நீக்காதே.

மதியம் பதிவேட்டில் இன்னொரு தட்டல்.
மேசை எண் ஒன்று, முதலாளி அறை,
சம்பளத் தரவுத்தளத்துக்கு நேராக.
மறுப்பு. அரை நிமிடம் கழித்து மறுபடி.
மறுப்பு.

வரியை நான் தொடவில்லை.
தொலைபேசி அடிக்கும் முன்
சூப்பைக் குடித்து முடிக்கலாம்.
ஸ்கிர்மன்தேயின் கதவைத் தட்டி,
வருகிறாயா என்று கேட்டேன்.