இருபத்தேழாவது சட்டகம்

எர்சுரூமில் பிப்ரவரி.
மருத்துவக் கல்லூரியின் மூன்றாம் மாடி.
ரேடியேட்டர் மேல் கையுறைகளைக் காயப்போட்டுவிட்டுக்
கட்டுரைகளை எண்ணுகிறேன்.
பொருள்: இதயத் தமனியில் மெதுவாய் நகரும் ரத்தம்.
அடைப்பில்லை, சுருக்கமில்லை,
ஆனாலும் தாமதம்.

எழுபதுகளில் ஒன்றிரண்டு.
பிறகு வெகுகாலம் யாரும் பேசவில்லை.
நூற்றாண்டு திரும்பியதும் அடைமழை.

மென்பொருள் வட்டங்களாய் வரைகிறது.
எங்கள் நாடு ஒன்று,
ஊதிக்கொண்டே போகும் சீனா ஒன்று,
இடையே
சிலந்தி பாதியில் விட்ட ஒரு நூல்.
பழைய சொற்களுக்கு நீலம், புதியவற்றுக்கு மஞ்சள்.
அழற்சி பச்சைக்கு வந்துவிட்டது.
நுண்குழாய்கள் மஞ்சளில் மினுங்குகின்றன.
வலியைத் தேடினேன்.
ஐந்து முறைக்குக் கீழ் வரும் சொற்களை விட்டுவிடு என்று
நான்தான் சொல்லியிருந்தேன்.

தேநீருக்குக் கீழே இறங்கினால்
கெவ்செர் படத்தை நிறுத்தி நிறுத்தி எண்ணிக்கொண்டிருக்கிறாள்.
சாயம் தமனியின் வாயைத் தொட்டது ஒன்று.
இருபத்தேழுக்குள் நுனியைச் சேர வேண்டும்.
மினிபஸ் ஓட்டுநர் முஹித்தினுக்கு
நாற்பத்தொன்று.

'ஒன்றுமில்லை, போய் வாருங்கள்' என்று
மூன்று முறை அனுப்பப்பட்டவர்.
மணிக்கட்டில் கட்டோடு கேட்கிறார்:
'பனி இறுகிய சாலையில் நான் ஓட்டுவேனே,
அப்படியா ஓடுகிறது?'
கெவ்செர் திரையை விட்டுக் கண்ணெடுக்காமல்,
'நீங்கள் வேகம்' என்றாள்.

பிறகு என் பக்கம் திரும்பி,
'இதைப்பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?'

'எண்ணூற்றுச் சொச்சம் கட்டுரைகள்.'

'எண்ணூறா!'
பரிசு விழுந்தவர்போல் நிமிர்ந்தார்.
'அதை ஒரு தாளில் எழுதிக் கொடு மகளே.
சொச்சம் வேண்டாம், சரியான எண்.
மச்சான் நான் நடிக்கிறேன் என்கிறான்.'

மேலே ஓடி, பார்த்து, எழுதி,
துறையின் முத்திரையையும் குத்திக் கொடுத்தேன்.
அது எதற்கும் செல்லாது.
நான்காய் மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்,
இடது பக்கம்.

இரவு, ஐந்தை ஒன்றாக்கினேன்.
திரை முழுக்கப் புள்ளிகள்,
வெளியே கொட்டுவதுபோலவே.
ஓரத்தில், எந்தக் கோடும் தொடாமல், வலி.
இரண்டே முறை.

காலையில் பேராசிரியர்
ஐந்தைத் திரும்ப வைக்கச் சொல்வார். வைப்பேன்.
கையுறைகள் இன்னும் ஈரம்.