பின்சீட்டிலிருந்து

பதினான்கு முறை முட்டியது,
கெம்ச்சியிலிருந்து மீன் தொழிற்சாலை வரை,
என் ஹெல்மெட்டின் நெற்றி
எலியெசரின் ஹெல்மெட்டுப் பிடரியில்.
எண்ணிக்கொண்டே வந்தேன்.
எங்களுக்குள் இப்போது
எண்ணுவதைத் தவிர வேறென்ன இருக்கிறது.

"ரோடு சரியில்லை, நோல்ஃபா."
ரோடு போன மாதம் போட்டது.
தீவின் மழையில்
கடல்நாய் முதுகாகப் பளபளத்துக் கிடக்கிறது.

ஓட்டுகிறவருக்குத் தெரியாது.
முறுக்கும் கை முன்னாலேயே சொல்லிவிடும்,
உடம்பு தயாராகிவிடும்.
பின்னால் இருப்பவளுக்குத்தான்
ஒவ்வொன்றும் புதுச் செய்தி.

முழுசாக முறுக்கினால் பாய்கிறது.
முழுசாக விட்டால் அடங்குகிறது.
நடுவே, வளைவுகளில்,
ஆக்சிலேட்டர் ஒரு நகக்கண் அளவு திறக்கும் இடத்தில்
வெட்டி வெட்டி இழுக்கிறது,
சொல்ல வந்ததை
மென்று விழுங்குகிறவனைப் போல.

எண்பத்தாறில் செய்த ஹோண்டா.
எங்களுக்கு முன் வைத்திருந்தவர் ஒரு பாதிரியார்.
அவர் காலத்திலும் வெட்டியதா என்று
விற்கும்போது அவர் சொல்லவில்லை,
தனியாகத்தான் போய்வருவாராம்.

ஞாயிற்றுக்கிழமை விறகுக் கொட்டகையில்
சென்டர் ஸ்டாண்டு போட்டு நிறுத்தினோம்.
செயின் நான்கு விரல் தொங்கியது.
இரண்டு விரலாக்கினார்.
ஓட்டிப் பார்த்தோம்.
ஒன்பது.

ஹேண்டில்பாரை இடப்பக்கம் ஒடித்தார்,
வலப்பக்கம் ஒடித்தார்,
எஞ்சின் குரல் மாறவில்லை.
ஆனால் கேபிள் இழுபடுமுன்
பிடி மட்டும் சும்மா சுழன்றது,
மூன்று காசு அடுக்கிய தடிமன்.
நட்டைத் தளர்த்தி
ஒரு காசாக்கினார்.
எட்டு.

அப்புறம் அந்தக் கழுத்து ரப்பர்,
கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் இடம்.
ஓடும் எஞ்சினில் கிளீனரைப் பீச்சினார்.
வலப்பக்கம் ஒன்றுமில்லை.
இடப்பக்கம் பட்டதும்
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி
திடுக்கென்று குரல் உயர்த்தியது.
மயிரிழை வெடிப்பு. திருட்டுக் காற்று.
"கண்டுபிடிச்சாச்சு" என்றார், என்னிடம் இல்லை, வண்டியிடம்.

புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து ரப்பர் வர
ஒன்பது நாள்.
ஒன்பது நாளும் நான் பஸ்ஸில் போனேன்,
நெற்றி எதிலும் முட்டாமல்.

மாட்டியபின்:
மூன்று.
அவருக்குப் போதும். கையைத் துடைத்துக்கொண்டு
மாத்தே குடிக்க உள்ளே போய்விட்டார்.

மூன்று பூஜ்ஜியம் இல்லை.

பின்சக்கரத்தை முழங்காலால் இறுக்கிக்கொண்டு
ஸ்ப்ராக்கெட்டை இரண்டு கையாலும்
முன்னும் பின்னும் அசைத்தேன்.
டக்.
டக்.
காதுக்குப் புதுசு, நெற்றிக்குப் பழசு.

சக்கரத்தைக் கழற்றினால்
உள்ளே அதிர்ச்சி வாங்கும் ரப்பர் கட்டைகள்
குளியலறையில் மறந்துபோன
சோப்புச் சில்லுகளாகத் தேய்ந்திருந்தன.
இத்தனை வருஷம் ஒவ்வொரு இழுப்பையும்
இவைதான் வாங்கியிருக்கின்றன, பிறகு நான்.
சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி
இடைவெளிகளில் திணித்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை விடியுமுன் கிளம்பினோம்.
முதல் வளைவு. இரண்டாவது. மாதா சிலை வளைவு.
அவர் மணிக்கட்டு லேசாகத் திறந்தது,
வண்டி ஒரே மூச்சாகப் போனது.
எங்கள் தலைகளுக்கு இடையே
ஒரு சாண் இருட்டு.
இவ்வளவு இடம் இருந்ததே தெரியாது.

எண்ண எதுவும் இல்லாமல் போனதும்
நாக்கில் வேறொன்று வந்து உட்கார்ந்தது.

"படகை ஏன் என்னைக் கேட்காமல் விற்றீர்கள்?"

ஆக்சிலேட்டரை விட்டார்.
ஒரு குலுங்கலும் இல்லாமல் வேகம் குறைந்து
தொழிற்சாலைக்கு முன்னூறு மீட்டர் முன்பே
முள்புதர் ஓரம் நின்றோம்.
அவர் திரும்பவில்லை.
எஞ்சின் சீராகத் துடித்துக்கொண்டிருந்தது,
குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஷிஃப்ட் சங்குக்கு எட்டு நிமிடம்.

சாவியைத் திருப்பி
அணைத்தார்.