மூன்று நிமிடம்

செயின்ட் பால் நகரில் அன்று பனி
சன்னல் கட்டை வரை ஏறியிருந்தது.
குழு அறையில் கடிகாரம் பிடிப்பது என் வேலை.
பேச வந்தவர்க்கு ஆளுக்கு மூன்று நிமிடம்.

"ஒலிம்பிக் அம்மணி, பதக்கத்தைக் கொண்டுவரவில்லையா?"
தலைவர் சிரித்தார். இன்னும் சிலர், அவர் சிரித்ததால்.

சிக்னி ஹால்வர்சன்
கைப்பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து
மேசைமேல் வைத்தாள்.

"ஆண்கள் அணியின் துண்டுகளைப்
பல்கலைக்கழகமே துவைத்துத் தருகிறது.
இது எங்கள் பெண் ஒருத்தியுடையது.
விடியற்காலை ஐந்து மணி, கொதிகலன் மூட்டும் முன்பு,
அப்போதுதான் அவர்களுக்குக் குளம்.
காரில் பலகையாய் விறைத்துக் கிடந்தது.
இப்போதுதான் இளகுகிறது."

அவ்வளவுதான். ஆனால் உட்காரவில்லை.
குதிமேடையில் விசிலுக்குக் காத்திருப்பவளாய்
நின்றாள்,
விரல்நுனிகள் மட்டும் மேசை விளிம்பில்.

துண்டிலிருந்து நீர் கசிந்து
மசோதா நகல்களை நோக்கி ஊர்ந்தது.
ஒருவர் தன் தாள்களை இழுத்துக்கொண்டார்.
தலைவர் என்னைப் பார்த்தார், போதுமே என்பதுபோல.

"இன்னும் நாற்பத்தொரு நொடி இருக்கிறது, ஐயா."

ஒன்பது வருட வேலையில்
அந்த அறையில் நான் பேசிய முதல் வாக்கியம்.