நானூறு கிராம்

எங்கள் மலையில் பிறந்த வரிசைதான் பெயர்.
மூத்த பெண் மசிகா, அடுத்தவள் பீரா,
மூன்றாவது நான், கபுகோ.
கூப்பிடும்போதே எண்ணிவிடுவார்கள்.
கூட்டுறவில் சேர்ந்த அன்று
இன்னோர் எண் கிடைத்தது: இருபத்தொன்பது.
இது பிறந்து வாங்கியதல்ல,
மூன்று கோழி விற்றுப்
பங்குப்பணம் கட்டி வாங்கியது.

ருவென்சோரிச் சரிவில்
காப்பிப் பழம் சிவக்கும் மாதங்களில்
தராசு என் பொறுப்பு, பேரேடும்.
உத்தரத்தில் தொங்கும் வட்டத் தராசு,
கண்ணாடியில் ஒரு கீறல்.
பள்ளிக் கட்டணம் நின்றுபோன பின்
நான் ஊன்றிப் படித்த ஒரே முகம் அதுதான்.

ஒரு பிற்பகல், வேலையில்லை.
தேநீருக்கு வாங்கிய சர்க்கரைப் பொட்டலத்தைச்
சும்மா கொக்கியில் மாட்டினேன்.
பிரிக்காத ஒரு கிலோ.
முள் அறுநூறில் நின்றது.

தட்டிப் பார்த்தேன்.
கழற்றி மாட்டினேன்.
கடைக்காரன்தான் ஏமாற்றிவிட்டான் என்று
அவன் கடைக்கே போய் அவன் தராசில் வைத்தேன்.
ஒரு கிலோ. சுத்தமாக ஒரு கிலோ.
அவன் கோபித்துக்கொண்டதில் நியாயம் இருந்தது.

அந்தப் பருவம் மட்டும் ஆயிரத்து நூற்று நாற்பது மூட்டை.
மூட்டைக்கு நானூறு கிராம்.
நானூற்று ஐம்பத்தாறு கிலோ பழத்தை
ஒருவர் கையும் திருடாமல் திருடியிருக்கிறோம்.
கணக்கு முடித்தபோது வந்த உபரிக்கு
‘நல்ல நிர்வாகம்’ என்று கைதட்டியிருக்கிறோம்.
இதைக் கூட்டிப் பார்த்த கால்குலேட்டர்கூட
அந்த உபரியில் வாங்கியதுதான்.

கூட்டம் வைத்தோம்.
திருப்பிக் கொடுப்போம் என்றேன்.
தலைவன் தெம்போ, பகலில் மோட்டார்சைக்கிள் ஓட்டுகிறவன்,
‘கொடுத்தால் எடுத்தோம் என்று ஆகிவிடும்’ என்றான்.
‘தார்ப்பாய் வாங்கியாச்சு’ என்றான் மசெரெகா.
‘மழையில் எல்லோர் காப்பியும் அதன்மேல்தானே காய்ந்தது?’
அதுவும் பொய்யில்லை.
எனக்குப் பதில் வரவில்லை.
இரவு படுத்த பிறகுதான் வந்தது,
அப்போது அது யாருக்கு வேண்டும்.

கைகளை எண்ணினார்கள்.
பதினான்கு. பதினேழு.
குலே தூங்கிக்கொண்டிருந்தான்.

செயலாளர் நான்தான், ஆகவே
எழுத வேண்டியதும் நான்தான்.
‘ஒத்திவைக்கப்பட்டது’ என்று எழுத
பேனா இரண்டு முறை குனிந்தது.
யாரும் படித்துப் பார்க்கப் போவதில்லை.
‘தீர்மானம் தோற்றது’ என்று எழுதினேன்.
ஆதரவு, எதிர்ப்பு, தேதி.
பயிற்சிக்குப் போன நாலு நாளும்
லாபம் என்றால் என்ன, நட்டம் என்றால் என்ன
என்று சொல்லித் தந்தார்கள்.
என் தோல்வியை என் கையெழுத்தில்
அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவதை
அந்த ஒரு வரிதான் சொல்லித் தந்தது.

தராசை முடுக்கிச் சரிசெய்தோம். அதற்கு ஓட்டு தேவைப்படவில்லை.

அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை
இத்துங்கு முதல் ஆளாக வந்தாள்,
முதுகில் குழந்தை, தலையில் மூட்டை.
இறக்கவில்லை.
‘முதலில் சர்க்கரையை மாட்டு’ என்றாள்.
யார் சொன்னது என்று கேட்டேன்.
‘பதினான்கு பேர் கை தூக்கினார்கள் அல்லவா,
அவர்களுக்கு வாய் இல்லையா?’
சர்க்கரையை மாட்டினேன்.
முள் ஒன்றில் நின்றது.
பின்னால் நின்றவளும் கேட்டாள்.
அவளுக்குப் பின்னால் நின்றவளும்.
தெம்போ தன் மூட்டையோடு வந்தபோது
எதுவும் பேசாமல்
அவனே எடுத்து மாட்டினான்.

பழைய பாக்கி இன்னும் பாக்கிதான்.
மார்ச் மாதக் கூட்டத்தில் மறுபடி கொண்டுவருவேன்,
இம்முறை குலேயை எழுப்பி உட்காரவைத்து.

இதற்கிடையே ஒரு சிக்கல்:
பொட்டலத்தில் எறும்பு ஏறிவிட்டது,
முள் ஒரு மயிரிழை இறங்கியிருக்கிறது.
புதிது வாங்க வேண்டும்.
செலவை எந்தத் தலைப்பில் எழுதுவது?
தேநீரா, தளவாடமா?