இதர குறிப்புகள்

படிவத்தில் முதல் கட்டம் உயரம்.
அடுத்தது எடை.
பந்துக்கென்று கட்டமே கிடையாது.
அடியில், இதர குறிப்புகளுக்கு
ஒன்றரை வரி விட்டிருக்கிறார்கள்.

லாபிஸ் திடல். ஆலைப் பக்கத்துக் கோல் கம்பத்துக்குப் பின்னால்
லோங்காங். பந்து அதில் விழுந்தால்
செம்பனை வாடையோடு திரும்பி வரும்.
சனிக்கிழமை, முந்தின நாள் மழை.
போம்பா அணியின் தடுப்பாளர்கள் இரண்டு பேரும்
கதவை அடைத்து நிற்கிற உடம்பு.
நடுவில், சட்டை முழங்காலைத் தொட,
சர்வின் த/பெ பெரியண்ணன்.
முதுகில் பதினேழு. வயதும் அதுதான்.

இருபது நிமிடம் நான் ஒன்றும் எழுதவில்லை.
இரண்டு தடவை விழுந்தான்:
ஒன்று தள்ளி, ஒன்று தானாக.
தலைக்கு வந்த பந்தெல்லாம்
தலைக்கு மேலே போனது.
கார் சாவியைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம்தான் கண்ணில் பட்டது.
இவன் பந்தைப் பார்ப்பதில்லை,
தடுப்பாளனின் இடுப்பைப் பார்க்கிறான்.
அந்த இடுப்பு திரும்புவதற்குள்
எந்த இடம் காலியாகப் போகிறதோ
அங்கே போய் நிற்கிறான்,
பஸ்ஸுக்கு நிற்பவன் மாதிரி.
பஸ் வருகிறது.

முப்பது மீட்டர் ஓடவிட்டால் பிடித்துவிடுவார்கள்.
ஐந்து மீட்டரில் இவனைப் பிடிக்க
இந்தத் திடலில் ஆளில்லை.

நாற்பதாவது நிமிடம் முழங்கை விலாவில் இறங்கியது.
எழுந்தான், சேற்றைத் துப்பினான்,
அடி வாங்கிய அதே இடத்துக்கு
மறுபடி போய் நின்றான்.
இதை எழுதினேன். அடிக்கோடும் போட்டேன்.

இடைவேளையில் கம்பத்தோரம் நிறுத்தி
டேப்பை இழுத்தேன்.
காலணிக்குள் ஏதோ உயர்த்திப் பிடித்திருந்தது.
'கழட்டுப்பா.'
மைலோ பெட்டி அட்டை, நாலாய் மடித்தது,
ஈரத்தில் ஊறி.
'போன வருசம் வந்தவரு கழட்டச் சொல்லலையே சார்.'
'என்ன எழுதினாரு?'
'சின்னப் பையன்னு.
அப்ப அட்டையோட நூத்தி அறுபது.'
டேப்பை எட்டிப் பார்த்தான்.
'இப்ப அட்டை இல்லாமயே நூத்தி அறுபது சார்.'

கிளப் கேட்பது நூற்று எழுபது.

ஒன்றுக்கு இரண்டில் தோற்றார்கள்.
அந்த ஒன்றும் இவன் அடித்ததல்ல,
இவன் கொடுத்தது.
அடித்தவனைத்தான் தூக்கிக்கொண்டு போனார்கள்.

காருக்குள் விளக்கைப் போட்டு எழுதினேன்.
உயரம்: 160.
எடை: 54, நனைந்த சட்டையோடு.
மேல் லீக்கில் தரை காய்ந்திருக்கும்,
அங்கே அவர்களும் இடுப்பைப் படிப்பார்கள்,
இவன் தாங்குவானா, தெரியாது.
முதல் பதினொன்றில் இல்லை.
அறுபதாவது நிமிடம், எதிராளிக்குக் கால் சோரும்போது,
இறக்கிப் பார்க்கலாம். மூன்று மாதம் கொடுங்கள்.

ஒன்றரை வரி எப்போதோ தீர்ந்துவிட்டது.
மீதியை அந்த அட்டையில் எழுதினேன்.
மை கொஞ்சம் பரவுகிறது.
படிவத்தோடு சேர்த்து
பின் அடித்திருக்கிறேன்.