துண்டறிக்கை, மூன்றாம் திருத்தம்

வண்ணார்பேட்டையில் செருப்புக் கடைக்கு மேல்மாடி.
தளவாய் அண்ணாச்சி மின்விசிறியைப் பார்த்தபடி சொல்கிறார்:
"வடக்கு இத்தாலி. மலை. ஒம்பது நாள்.
ஒரே பக்கத்துல எழுதும்மா.
படிச்சவன் எந்திரிச்சுப் போயி
பாஸ்போர்ட்டத் தேடணும்."

பாஸ்போர்ட் இல்லாதவள் எழுதுகிறேன்:
‘வெளிறிய, செங்குத்தான மலைகள்.
அந்தியில் பாறை முழுக்க ரோஜா நிறம் ஏறும்.
பத்து நிமிடம்.
பிறகு சாம்பல்.’

சாம்பலை அடித்துவிட்டார்.
"சாம்பல் பாக்கவா நாலு லட்சம் கட்டுவான்?"

மழை விட்ட காலையில்
எங்கள் ஜன்னலிலும் ஒரு மலை தெரியும்,
மேற்கே, துவைத்த நீலத்தில்.
அதற்குப் பச்சை உண்டு, மேகம் உண்டு, அட்டைக்கடி உண்டு.
படத்தில் இருப்பதோ மொட்டை,
கீழ்வாய்ப் பல்வரிசையைத்
தனியே கழற்றி வைத்த மாதிரி.
இரண்டுக்கும் ‘மலை’ என்று ஒரே சொல்லைப் போட
கை கூசுகிறது.

பனி இன்னும் மோசம்.
மார்கழியில் தலைக்கு மப்ளர் கட்ட வைப்பதும் பனி,
அங்கே கூரையை அமுக்கி
மாட்டுத்தொழுவத்தை மூடுவதும் பனி.
‘உறைபனி’ என்று எழுதினேன்.
குளிர்பதனப் பெட்டி நினைவு வருகிறதாம் அண்ணாச்சிக்கு.

ஊர்ப்பலகைகளில் மூன்று மொழி,
நம்ம ஜங்ஷன் மாதிரியே.
மூன்றாவதைப் பேசுகிறவர்கள் முப்பதாயிரம் பேர்தானாம்,
மேலப்பாளையத்தில் பாதிகூட வராது.
அவர்களும் பால் கறக்கிறார்கள்,
கடன் சொல்கிறார்கள்,
பலகையில் தங்கள் எழுத்து
மற்றதைவிடச் சிறிதாய் இருக்கிறதா என்று
அண்ணாந்து பார்ப்பார்களாக இருக்கும்.
இதற்கு இடமில்லை.
தயிர்சாதம் கிடைக்கும் என்ற வரிக்கு இடமிருக்கிறது.

போன் வருகிறது.
ஞானதிரவியம் சாருக்கு முட்டி பற்றிக் கவலை.
கம்பிவண்டி தூக்கிக்கொண்டு போகும் சார் என்றேன்.
"கம்பி அறுந்தா?"
துண்டறிக்கையில் அதற்கும் பதில் இல்லை.
சொர்ணத்தாய் அக்கா,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் முப்பது வருஷம் நர்ஸ்:
"அங்க சாரல் உண்டாம்மா?"
பனி உண்டுக்கா.
"பனி இங்கயே உண்டே. சாரல்?"

இரவு வெயிலுமுத்துவிடம் படத்தைக் காட்டினேன்.
தாழையூத்துக் குவாரி லேபில்
நாள் முழுக்கக் கல்லில் அமிலம் சொட்டுகிறவர்.
மலையை உற்றுப் பார்த்தார், பிறகு பெயரை.
"இது டோலமைட்டுல்லா.
சுண்ணாம்புக்கல்லுல ஒரு சொட்டு விட்டா
சட்டுனு பொங்கிரும்.
இது கம்முனு கெடக்கும்.
பொடிச்சு விட்டாத்தான் யோசிச்சு யோசிச்சு நுரைக்கும்.
சிமெண்டுக்கு ஆவாது.
எங்க குவாரியில வந்தா ஒதுக்கிருவோம்."
எங்கே?
"பொறத்தால. மேடா கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை பைக்கில் போனோம்.
முள்வேலிக்கு வெளியே நின்று பார்க்க வேண்டும்.
பனைக்குப் பின்னே சூரியன் இறங்க
ஒதுக்கிய கல் மேட்டில் மெல்ல நிறம் ஏறியது.
ரோஜா என்று சொன்னால் பொய்.
சூளையில் பாதி வெந்த செங்கல் நிறம்.
மூன்று நிமிடம் இருக்கும்.
நடுவில் ஒரு லாரி போய்
அதில் ஒரு நிமிடத்தைத் தின்றது.
இதுவும் கடலுக்கடியில் இருந்ததுதான் என்றார்,
அதுவும் என்றார்,
வண்டியை உதைத்தார்.
திரும்பிப் பார்த்தேன்.
சாம்பல்.

திங்கட்கிழமை அண்ணாச்சி டீக்குப் போன நேரம்
அடித்த சொல்லைப் பழைய இடத்தில் வைத்து
அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

ஒரு வாரத்தில் முதல் முன்பணம்,
மஞ்சள் பையில், எண்ணி வைத்து, சொர்ணத்தாய் அக்கா.
ரசீது எழுதும்போது கேட்டாள்:
"அந்தச் சாம்பல்னு போட்டிருக்கியே,
அதுவரைக்கும் நிக்க விடுவானா,
இல்ல பஸ்ஸுல ஏறச் சொல்லிருவானா?"